எட்டாவது போல்ட்

மத்தியானம் இரண்டரை மணி. ஏரிக்கரை ரோடு. ஆள் நடமாட்டம் இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை, கண்ணுக்கெட்டின தூரம் வரை ஒரு வளைவும் இல்லை...

பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுக்கலாம். கரண்ட் எப்போது வருமோ தெரியாது, இருப்பது இந்த ஒரு மெழுகுவத்திதான். இதோ, சுவரோரமாகப் போர்வைக்குள் சுருண்டிருக்கிறானே வெல்டர், இவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது. ஒரே ஒரு தடவை இவனிடம் சொன்னாராம். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவாராம்.

சித்தப்பா கார் மெக்கானிக். பொட்டுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போல்ட்டை முறுக்கும்போது சரியான இறுக்கம் வந்ததும் அவருடைய ஸ்பேனர் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். டிக் கேட்டதும் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் முறுக்கியாச்சு. இல்லாவிட்டால் இல்லை. இருபது வருஷப் பழக்கம்.

அந்த ஏரிக்கரை ரோட்டில், அந்த இரண்டரை மணிக்குத்தான், அவருடைய மச்சான் செத்துப்போனார். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். நேராகப் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று வெட்டித் திரும்பி, எதிரே வந்த லாரியில்... அவ்வளவுதான். சாப்பிட்ட மயக்கத்தில் கண் அசந்துவிட்டான் என்றார்கள். காரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நசுங்கினதை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டார்கள். பெற்ற அப்பாவே, "தூங்குமூஞ்சிப் பய" என்று சாகிற வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தார்.

திட்டாத ஆள் பொட்டுக்காரர் ஒருவர்தான். அவர் எப்படித் திட்டுவார்? மூன்று நாள் முன்னால் அந்த என்ஜினைப் பிரித்து மாட்டினவரே அவர்தானே.

என்ஜினின் அடியில் எட்டு போல்ட். ஒன்று அறுந்தாலும் ஓடுகிற என்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வெட்டித் திரும்பிவிடும். அன்றைக்குப் பெயிண்ட் டப்பாவில் கடைசிச் சொட்டு காய்ந்துகொண்டிருந்தது. வீணாகப் போகிறதே என்று எட்டுக்கும் முதலிலேயே பொட்டை வைத்துவிட்டார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே. பிறகு ஒவ்வொன்றாக முறுக்கினார். ஏழு டிக் கேட்டது. போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் எட்டிலும் பொட்டு. சரி, முடிந்தது என்று மூடிவிட்டார்.

எட்டாவது டிக் கேட்டதா, கேட்கவில்லையா... அவருக்கு ஞாபகமே இல்லை. மச்சான் செத்த அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? தினமும் படுத்ததும் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொள்வார். இப்படியே எட்டு வருஷம். உடம்பெல்லாம் அலுப்பு, கண்ணெல்லாம் மணல் போட்டது போல எரிச்சல்.

அப்போதுதான் ஒரு டீச்சரம்மாவின் கார் வந்தது. உள்ளே 'டக்... டக்... டக்' என்று சத்தம். பழைய ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டினார். காந்தத்தைக் காட்டினார். நகக்கண் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு வந்து ஒட்டியது. கருகல் வாடை.

என்ஜினுக்குள் துண்டு கிடந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும். முழுசாகப் பிரித்துப் பார்த்தார். எல்லா போல்ட்டும் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. எங்கே சத்தம் வர ஆரம்பித்தது என்று கேட்டார். ஏரிக்கரை ரோட்டில், மத்தியானம் என்றாள் டீச்சரம்மா. காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கேட்காமலேயே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் தூங்கலைங்க."

அடுத்த வாரம் மருந்து விற்கிறவர் ஒருவரின் கார். அதே டக் டக், அதே ரோடு, அதே நேரம். இன்னொரு துண்டு. கிளம்பும்போது அவரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தான் தூங்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்றாவதாக வந்தது புதுக் கார். கம்பெனி மாட்டின என்ஜின், அதுவரை யார் கையும் படாதது. அதற்குள்ளேயும் ஒரு துண்டு. வண்டிக்காரப் பையனும் அதையே சொன்னான்.

பொட்டுக்காரர் மூன்றையும் துணியில் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. ஒரு போல்ட். தலை மட்டும் இல்லை.

உதிரிபாகக் கடைக்காரரிடம் எடுத்துப்போனார். அவர் கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தார்.

"இது அந்தப் பழைய வாடகைக் கார் போல்டு. அந்த வண்டியெல்லாம் இப்ப ரோட்டுலயே இல்லையே, எங்க புடிச்சீங்க?" மறுபடி குனிந்து மரையைப் பார்த்தார். "அட, இதை இறுக்கவே இல்ல. ஆடி ஆடி அத்துப்போயிருக்கு. எந்தப் புண்ணியவான் வேலையோ... ஒரு உசுரு போயிருக்கும்."

பொட்டுக்காரர் துண்டுகளைத் துணியில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். தலை கிடைக்கவில்லை அல்லவா, அதுதான் அவருக்கு ஒரே ஆறுதல். தலையில் மஞ்சள் இருந்தால்தான் அது தன் கைவேலை. இல்லாவிட்டால் யாருடையதோ. நாலாவது கார் வரும், அதற்குள் தலை இருக்கும் என்று பயந்து பயந்து காத்திருந்தார். பத்து நாள் ஆயிற்று, வரவே இல்லை. காத்திருப்பதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லாமல் போயிற்று. இனி முடியாது, சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே கடையைப் பூட்டிவிட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது தெருவில் எங்கேயோ ஒரு கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... பக்கத்து வீட்டுக்காரனுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டார்.

மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து மூன்று துண்டுகளையும் வைத்தார். பெயிண்ட் டப்பாவில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். உன் அண்ணன் தூங்கவில்லை, நான்தான் கொன்றேன் என்று சொல்லி முடித்தபோது அழுதுவிட்டார்.

அவள் அழவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அலமாரியில் இருந்த தையல் டப்பாவை எடுத்து, நூல்கண்டுகளுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி, எதையோ எடுத்து மூன்று துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போல்ட்டின் தலை. அதில் மஞ்சள் பொட்டு. நகர்த்தி வைத்தாள், மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

"இது... உன்கிட்ட எப்படி?"

"அண்ணன்தான் குடுத்துச்சு. அடக்கம் பண்ணின மறுநாள் மத்தியானம் வந்துச்சு. மாப்ள வாயாலயே வரட்டும், அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருன்னு சொல்லுச்சு."

எட்டு வருஷம். பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு ராத்திரியும் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவருக்கு எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவள் எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு போய், வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"அண்ணா... சொல்லிட்டாரு. உள்ள வா."

வெளியே என்ஜின் சத்தம் நின்றது. கார்க் கதவு திறந்து, சாத்திக்கொண்டது.