எரியாத சொட்டு

கண்ணில் சொட்டு மருந்து விட எல்லாருக்கும் கை வராது, டாக்டரம்மா. பாதிப் பேர் கன்னத்தில் விட்டுவிட்டு, விட்டாயிற்று என்பார்கள். எங்கள் தெருவில் அந்தக் கை எனக்குத்தான்.

எதிர்வீட்டு டிராயிங் டீச்சருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, தங்கையின் ஸ்டெம் செல்லை ஏற்றி உயிரை மீட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் அவள் என்னோடு நின்று பேசியதில்லை. நான் வாயைத் திறந்தால் ஜன்னலை மூடுவாள். புற்றுநோய் போய்க் கண் வறட்சி வந்தது. ஏற்றிய அணுக்கள் அவள் கண்ணையே வேற்றாளாக நினைத்துத் தாக்குகின்றன என்றீர்கள். வந்த இடத்தில் அதிகாரம் பண்ணுகிறவர்களை நான் பார்க்காததா?

தங்கைக்கு வெளியூரில் வேலை. ஆகவே நான் போனேன். சொட்டு விட்டதும் டீச்சர் மூக்கோரத்தை அழுத்தியபடி கண்மூடிப் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் பேசுவேன். மாடிவீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசிக் காதையும் கறுப்பாக்கிக்கொண்டது, தையல்காரி கோபித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பி, பஸ் கிடைக்காமல் திரும்பியது. டீச்சர் வாய்விட்டுச் சிரிப்பாள். "அப்புறம்?" என்பாள். என் வீட்டில் யாரும் என்னை அப்புறம் என்று கேட்டதே கிடையாது. வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார், அவ்வளவுதான்.

உங்கள் மருந்து கண்ணை எரித்தாலும் வேலை செய்தது. டீச்சர் மறுபடி பென்சிலை எடுத்தாள். நான் பேசும்போது தாளையே பார்த்தாள். ஒரு நாள் சொன்னாள், "உங்களுக்கு எதுக்குக்கா வீண் சிரமம்? அடுத்த வாரத்துல இருந்து நானே விட்டுக்கிறேன்."

அன்று மாலை அந்த மருந்தை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, குப்பியில் வெறும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை நிரப்பினேன். விஷமில்லை. அதையும் கண்ணுக்கென்றுதானே கடையில் விற்கிறார்கள்.

"இப்பல்லாம் எரியவே இல்லக்கா" என்றாள்.

"பழகிடுச்சும்மா" என்றேன்.

கொஞ்ச நாளில் வெளிச்சம் கூசியது. தானே விட்டுக்கொள்ளும் பேச்சும் நின்றது. நீங்கள் மருந்தைக் கூட்டி எழுதினீர்கள், அதையும் கொட்டினேன். ஒழுங்காக விடுகிறார்களா என்று நீங்கள் கேட்டபோது, அக்கா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று அவளே எனக்குச் சாட்சி சொன்னாள்.

பிறகு அவள் கருவிழியைத் திரையில் காட்டினீர்கள். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய இடத்தில் ஓரத்திலிருந்து நடுவரை சிவப்பு நூல்களாக ரத்தக்குழாய்கள். கூடவே, பார்வைக்குத் தெரியாத நிணநீர்க் குழாய்களும் முளைத்திருக்கும், கண்ணுக்குள் நடக்கும் சேதி அந்த வழியாக வெளியே போய்த்தான் எதிர்ப்பு அணுக்கள் படை திரண்டு வரும் என்றீர்கள். உடம்புக்குள்ளும் கோள்சொல்லிகள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு கருவிழி வைத்தாலும் அது தங்காது என்று நீங்கள் முடித்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த தங்கை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்ததுதானே அக்கா கண்ணைத் தின்னுடுச்சு?"

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று அவளைத் தேற்றியது நான்தான். உண்மையைத்தான் சொன்னேன்.

நீங்கள் கேட்டு வாங்கிய பழைய குப்பி இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. புதுக் குப்பியில் உங்கள் மருந்தேதான். இனி விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன. டீச்சருக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. நேற்று, கண் பார்க்க அசிங்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். முன்பு மாதிரியே அழகாக இருக்கிறது என்றேன்.

நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டரம்மா. ஒருத்தி மனதை நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.