முடி வெட்டுவது சலுகையில்லை

மேடையில் வீற்றிருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, சிறை மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, சீருடையோடும் சீருடை இல்லாமலும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஜெயிலர். முப்பது வருடம் அறிக்கை எழுதியே பழகியவன். உருக்கமாகப் பேச வராது. சலூன் அண்ணன் என்று நாம் எல்லோரும் கூப்பிட்ட மறைந்த நம் சிறை முடிதிருத்துநரைப் பற்றியும் அறிக்கை மாதிரிதான் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனிச்சிறைத் தொகுதிக்குள் போய்ப் பார்க்காதவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் அறைக்குள். சாப்பாடு கதவுத் துளை வழியாக. மீதி ஒரு மணி நேரம் முற்றத்தில் நடக்கலாம், அது சலுகை. வாரம் ஒரு புத்தகம், அது சலுகை. மாதம் ஒரு கடிதம், அதுவும் சலுகை. சலுகை என்றால் என்ன? ஜெயிலர் நினைத்தால் நிறுத்தலாம் என்று அர்த்தம். அந்த ஜெயிலர் நான்தான்.

அங்கே ஒரு கைதி இருந்தார், முன்பு பஸ் கண்டக்டர். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் காவலர் மீது எறிந்துவிட்டார். தொண்ணூறு நாளைக்கு எல்லாச் சலுகையும் ரத்து என்று எழுதினேன். போகிற போக்கில் முடி வெட்டுவதையும் சேர்த்துவிட்டேன். முதல் மாதம் வந்த அண்ணனைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம், ஐம்பதாவது நாள், மறுபடி பெட்டியோடு வந்து நின்றார். விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி நிதானமாகப் புரட்டினார்.

"ஐயா, சோப்பு, குளியல், முடி எல்லாம் சுகாதாரம்னு ஒரே பக்கத்துல போட்டிருக்கு. சோப்பை நிறுத்தலையே நீங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. கத்தரி பிடிக்கிறவர் எனக்குச் சட்டம் சொல்வதா? வெளியே போகச் சொன்னேன். போய் இரும்புக் கதவருகே பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மருத்துவர் அம்மா வரும்வரை அசையவில்லை. அம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பதினைந்து நிமிடம் அனுமதித்தேன். வாயால்தான், எழுதிய உத்தரவைத் திரும்பப் பெறவில்லை. வீம்பு!

நானே வாசலில் நின்றேன். கண்டக்டர் ஐம்பது நாளாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. அண்ணன் ஈரக் கையால் அவர் தலையைப் பிடித்துத் திருப்பி, தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். வெட்டி முடித்து, உச்சந்தலையில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டபோதுதான் கண்டக்டர் பேசினார்.

"கையை எடுக்காதீங்கண்ணே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அண்ணன் எடுக்கவில்லை. பதினைந்து நிமிடம் அரை மணி ஆனது. பதிவேட்டில் பதினைந்து என்றே எழுதினேன். நான் எழுதிய பொய்களில் எனக்கு வருத்தம் தராதது அது ஒன்றுதான்.

நண்பர்களே, அண்ணன் போய் முப்பத்துநான்கு நாள். அவர் இடத்துக்கு ஆள் வேண்டாம், முடி வெட்டும் மெஷினைக் கதவுத் துளை வழியாகக் கொடுத்தால் கைதிகளே வெட்டிக்கொள்வார்கள் என்று ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. முடி வெட்டுவது வெறும் சலுகைதானே என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எது தெரியுமா? என் உத்தரவு! நாளை காலை பத்து மணிக்கு ஆலோசனைக் குழு கூடுகிறது. அங்கே போய், அந்த உத்தரவு தவறு என்று என் கைப்பட எழுதிக் கொடுப்பேன். அண்ணன் இடத்துக்கு ஓர் ஆள் வரும்வரை விடமாட்டேன். அண்ணி முன்னால் சொல்கிறேன்.

கண்காணிப்பாளர் அவர்களே, அந்தத் தொகுதியில் இன்று பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். விலங்கு மாட்டும் கையைத் தவிர வேறு எந்தக் கையும் முப்பத்துநான்கு நாளாக அவர்கள் மேல் படவில்லை.