விழுப்புண் சொம்பு

— மேசை மேலயே வெச்சிட்டேன், மொதலாளி. அந்தச் சொம்ப நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு மெஷின்ல கை மாட்டாம தடுக்கற கம்பி வலைதான் வேணும்.

— ஏ தாயி, உம் புருசன் சின்னப்பையனுக்கு நாலு பேரறியக் குடுத்த மரியாதை இது. இந்தப் பட்டறையில வேற எவனுக்கும் இதுவரைக்கும் குடுத்ததில்ல. அதைப் போய்த் திருப்பிக் கொண்டாந்து நிக்கியே, சுலோச்சனா.

— மரியாதைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? வலது கையில ரெண்டு வெரலு பூட்ச்சி. சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டு வுடறேன். நாளைக்கு மறுபடியும் வெரல வெட்டுன அதே பிரஸ் மெஷின்ல ஒக்காரச் சொல்லிக்கீறீங்களாம். வர்ற வழியில எட்டிப் பாத்தேன். வலை இன்னும் மாட்டல.

— சார், உள்ள வரலாமா? லாரிக்காரர் காத்துண்டிருக்கார். சைக்கிள் பெல் மூடி ரெண்டு பெட்டி குறையறதாம்.

— நிக்கட்டும், ஜானகியம்மா. இப்படி வாங்க. நீங்க மயிலாப்பூர்ல படிச்சவங்க, டைப்படிக்கிறவங்க. விழுப்புண்ணுன்னா என்னன்னு இவளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு.

— யுத்தத்துல ஓடாம முன்னாடி நின்னு வாங்கிக்கற காயம், சுலோச்சனா. முதுகுல படாம மார்ல படறது. அந்தக் காலத்துல அதைப் பெருமையா நெனைச்சா.

— இன்னா யுத்தம்மா? அவரு பெல் மூடி அடிச்சிக்கினு இருந்தாரு.

— அதான் யுத்தம், தாயி. ஈக்காட்டுத்தாங்கல்ல எத்தனை பட்டறை இருக்கு? எந்த மொதலாளியாவது தொழிலாளிய வீரன்னு கூப்பிடுதானா? நான் கூப்பிடுதேன். பாளையங்கோட்டையில இருந்து ஒரு தகரப்பெட்டியோட வந்தவன் நான். இந்தக் கரண்டு வெட்டுலயும் பட்டறை ஓடுதுன்னா எப்படி ஓடுது? தினம் மணி அடிச்சதும் பன்னெண்டு பேரையும் வரிசையா நிறுத்தி, அந்தக் காலத்து வீரன் கதை ஒண்ணு சொல்லித்தான் மெஷினப் போடச் சொல்லுதேன். பன்னெண்டு கூலிக்காரன் இல்ல. என் படை.

— லீவு போட்டா போர்டுல புறமுதுகு காட்டினவன்னு எயுதறதும் நீங்கதான். வைரவண்ணன் அவங்க அம்மா செத்ததுக்குப் போனாரு. மூணு நாளு அவரு பேரு அங்கியே தொங்கினு இருந்திச்சு.

— நான்தான் எழுதினேன், சுலோச்சனா. சார் சொன்னார், எழுதினேன். எழுதறப்போவே கை கூசித்து.

— ஜானகியம்மா, உங்கள விழுப்புண்ணுக்குத்தான் அர்த்தம் கேட்டேன்.

— அவங்கள ஏன் அதட்டறீங்க? மொதலாளி, நான் படிச்சவ இல்ல. ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த பிரஸ்ல வலை இருந்திச்சு. ஆடி மாசம் நீங்களே கூட நின்னு கயட்டுனீங்க. எதுக்கு?

— வலைய ஏத்தி எறக்கி வேலை பாத்தா பாதி மூடிதான் வரும். எதுத்த பட்டறைக்காரன் ஆர்டரத் தட்டிட்டுப் போயிருவான். அது ஒண்ணு. இன்னொண்ணு, வலைக்குப் பின்னால ஒளிஞ்சே பழகினவனுக்குக் கை நடுங்கும். பயத்த விட்டவனுக்கு ஒண்ணும் ஆவாது.

— அப்போ இவரு பயந்ததாலதான் வெரலு பூட்ச்சா?

— அப்படி நான் சொல்லல.

— ஒங்க தலைக்கு மேல காலண்டர்ல ஒரு வீரன் நிக்கிறான். ஒரு கையில கத்தி கீது. இன்னொரு கையில இன்னா?

— கேடயம்.

— அவன் பயந்துபோன கோயையா?

— அது வேற, தாயி.

— இன்னா வேற? அவனும் ஒண்ணுத்துக்குப் பின்னாடிதான நிக்கிறான். அவன் கையில இருந்து யாராவது அத்தப் புடுங்கிக்கினு சண்டைக்குப் போன்னு தொரத்துனாங்களா?

— சார், அவ கேக்கறது நியாயந்தானே. பழைய வலை குடோன்ல சாக்குப் போட்டு மூடித்தான் இருக்கு. ஃபோர்மேன் கிட்ட சொன்னா அரை மணியில மாட்டிடுவார்.

— நீங்க வேற. வலை வேணும்னா சின்னப்பையன் வந்து கேக்கட்டும். அவன் கேக்க மாட்டான், எனக்குத் தெரியும். காலையில பத்து மணிக்கு அடிபட்டுது. மூணு மணிக்கெல்லாம் பேர் வெட்டின சொம்போட ஆஸ்பத்திரிக்குப் போய் நின்னேன். அன்னைக்கே குடுத்தாத்தான் மரியாதை. என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதான். என்னய யாரும் இப்படிப் பேசினதில்ல மொதலாளின்னான்.

— அதான் எனக்கு வயிறு எரியுது. சைதாப்பேட்டையில ஆத்தோரமா எங்க குடிசை. அங்க அந்தச் சொம்புக்குப் பூ வெக்கிறாரு. வரவன் போறவனுக்கெல்லாம் கட்டுப் போட்ட கையாலயே எடுத்துக் காட்றாரு. வலை கேளுய்யான்னா, வீரன் கேப்பானாடின்றாரு. இந்த வயசு வரைக்கும் அவர டேய்னு கூப்ட்டவங்கதான் உண்டு. நீ வீரன்னு சொன்னதும் சொக்கிப் பூட்டாரு. மீதி வெரலையும் உனக்கே குடுத்துடுவாரு. அவருக்குத் தெரியாமத்தான் இத்த எடுத்தாந்தேன்.

— பாத்தியா, அவனுக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல. அந்தக் காலத்துல பொண்டாட்டியே வாளத் தொடச்சுக் கையில குடுத்து அனுப்பி வைப்பா.

— நான் சோத்துத் தூக்குதான் குடுத்தனுப்புவேன். சாயங்காலம் முழுசா வூட்டுக்கு வரணும்னுதான் குடுத்தனுப்புவேன்.

— சரி, சரி. தீபாவளி ஆர்டர் முடியட்டும். அப்புறம் வலையப் பத்திப் பாக்கலாம்.

— நாளைக்குக் காலையில ஒக்காரப் போறாருன்றேன், நீ தீபாவளின்றே. யார்கிட்ட பேசிக்கினு கீறேன் நான்? செவுத்துக்கிட்டயா?

— ஏய், எதுக்குச் சொம்பத் தூக்கி எறியுத? நெளிஞ்சு போச்சு பாரு. நல்ல எவர்சில்வர்.

— நெளியட்டும்.

— சுலோச்சனா, சித்த உக்காரு.

— போகட்டும் விடுங்க. வயித்தெரிச்சல்ல பண்ணிட்டா. நான் தப்பா எடுத்துக்கிடல. ஜானகியம்மா, அலமாரியத் தொறந்து வேற ஒண்ணு எடுங்க. அவன் பேர சாயங்காலம் வெட்டி வாங்கிக்கிடலாம். என் வீரன் சொம்பு இல்லாம இருக்கப்பிடாது.

— வேற ஒண்ணா? இன்னும் கீதா?

— சார், இவ எதிர்க்க தொறக்க வேண்டாமே.

— தொறங்க. மரியாதை குடுக்கதுல என்ன ஒளிவு மறைவு? இந்தாங்க சாவி.

— யம்மா, எல்லாத்துலயும் எயுத்து வெட்டிக்கீது. எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எயுதிக்கீது?

— விழுப்புண் பெற்ற வீரர்னு இருக்கு. கீழே பேருக்கு மட்டும் எடம் விட்டிருக்கு.

— மொத்தம் எத்தினி?

— உன் ஆத்துக்காரருக்குக் குடுத்தது போக பதினொண்ணு. வலையைக் கழட்டின அன்னிக்கே சார் பாண்டி பஜார்லேர்ந்து வாங்கிண்டு வந்தார், சுலோச்சனா. ஆளுக்கு ஒண்ணுன்னு.