குப்புறக் கவிழ்த்த கல்லும் அப்துல் கனி சாகிப்பும்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அறிஞர்களே, கனி சாகிப்பின் துணைவியார் ரோஷன் பீ அவர்களே, உள்ளே இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் பெரியோர்களே, வணக்கம்.

நம் வரலாற்று ஆய்வு வட்டத்தின் முன்னாள் செயலாளர் அப்துல் கனி அவர்களை அமைதியே உருவானவர் என்றார்கள், எனக்கு முன் பேசியவர்கள். இல்லை. அவர் நம்மீது கோபத்தோடு இறந்தார். ஏன் கோபம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில், துணி துவைக்கும் கல்லைப் புரட்டிப் பார்த்தபோது, அடிப்பக்கத்தில் வில்லேந்திய வீரன் ஒருவனும் சில வரி எழுத்தும் தெரிந்தன. பழைய நடுகல் அது. நம் அறிஞர்கள் எழுத்தைப் படி எடுத்தார்கள். பிறகு என்ன செய்தார்கள்? கட்டுரை அச்சாகும்வரை வேறு ஆய்வாளர் கண்ணில் படக்கூடாது என்று, கல்லை மறுபடியும் குப்புறக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுமாதம் சாலை வேலைக்காரர்கள் அதை உடைத்து ரோட்டுப் பாலத்தில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் ஓடியவர் கனி சாகிப். அவரோடு நானும் போனேன். கரையில் துவைத்துக்கொண்டிருந்த தங்கம்மாள் எங்களைக் கேட்டார்:

"படிச்சவங்க நீங்களே பாத்துட்டுத் திரும்பக் கவுத்துப் போட்டுட்டுப் போனீங்க. அப்ப ஒண்ணுமில்லாத கல்லுன்னுதானுங்க நாங்க நெனைப்போம்?"

இந்த மேடையில் யாரிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா?

அன்று முதல் கனி சாகிப் வட்டத்தின் செய்திகளையெல்லாம் பஸ் நிலையத்து டீக்கடைப் பலகையில் ஒட்டினார். கூட்டத்தைச் சந்தை நாளில் சந்தையிலேயே நடத்துவோம், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்றார். சந்தையில் கத்திரிக்காய்தான் விற்கலாம் என்றார் தலைவர்.

"கத்திரிக்கா விக்க வர்றவங்க கொல்லையிலதானுங்க நம்ம கல்லெல்லாம் கெடக்குது" என்றார் கனி சாகிப்.

சிலர் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். நீக்கக் கை தூக்கியவர்களே இன்று அவர் படத்துக்கு மாலை போட்டீர்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்றும் சொன்னீர்கள். எந்தப் பணியை? இன்னொரு கல் இருப்பது இரண்டு மாதமாக நம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் கால்வாய் வெட்ட முளைக்குச்சி அடித்தாகிவிட்டது. கட்டுரை அச்சில் இருக்கிறது, வெளியில் சொல்லாதீர்கள் என்று இன்று காலையிலும் என்னிடம் சொன்னார்கள்.

வாசலில் நிற்பவர்களே, கேளுங்கள். மாரண்டஹள்ளிக்குக் கிழக்கே, மாதேஸ்வரன் கொல்லையின் வடக்கு வரப்பில் இருக்கிறது அந்தக் கல். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். ஊரார் முன்னிலையில் அதைத் தூக்கி மேட்டில் நட வேண்டும். கடப்பாரை உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.