கூட ஒரு அடுக்கு

இந்த அறையில் ஏ.சி. கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. எனக்காகக் குறைக்க வேண்டாம், ஐயா. எனக்குப் பழக்கம்தான். எங்கள் பட்டறை இதைவிடக் குளிராக இருக்கும். பிசின் ஏற்றிய கார்பன் துணிக்குச் சூடு ஆகாது. ஃப்ரீசரில் வைத்திருந்து, வேலை நாளில்தான் வெளியே எடுப்போம். என் மனைவி இருந்தவரை சொல்லிக் காட்டுவாள், வீட்டில் பெண்டாட்டிக்குக் கிடைக்காத ஏ.சி. அந்தத் துணிக்குக் கிடைத்திருக்கிறதே என்று.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

நாங்கள் பந்தயப் பாய்மரப் படகு கட்டுகிறவர்கள். வடிவமைப்பது என் தம்பி, கட்டுவது நான். படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் செங்குத்தாக நீளமான பலகை மாதிரி ஒன்று இறங்கும். அதுதான் கீல். அதன் நுனியில் ஈயக் குண்டு. காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் இழுத்துப் பிடிப்பது அந்தக் குண்டு. குண்டைப் பிடித்திருப்பது கீல். அடுக்கு மேல் அடுக்காகக் கார்பன் துணி போட்டு, காற்றை உறிஞ்சி, சூளையில் வேகவைத்து அதைச் செய்வோம். கீலில் ஒரு அடுக்கைக் குறைத்தால் மிச்சமாகும் எடையைக் குண்டில் சேர்க்கலாம், படகு இன்னும் நிமிர்ந்து ஓடும். ஆகவே படம் போடுகிறவன் குறைக்கப் பார்ப்பான், கட்டுகிறவன் கூட்டப் பார்ப்பான். எல்லாப் பட்டறையிலும் உள்ள சண்டைதான் இது. மாமியார் மருமகள் சண்டை மாதிரி, இதனால் யாரும் செத்துப்போவதில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்வேன். இரும்பு உடைவதற்கு முன்னால் வளையும். மரம் முனகும். கார்பன் வாயே திறக்காது. இருக்கும்வரை இருக்கும், போகும்போது ஒரேயடியாகப் போய்விடும். அதனால்தான் முதலிலேயே கவனமாக இருக்க வேண்டும் என்பேன். இதை நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம்.

இன்னொரு வழக்கமும் என்னுடையதுதான். ஒவ்வொரு கார்பன் துணியின் முதுகிலும் ஒரு நீலத்தாள் ஒட்டியிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாள். துணியைப் படியவைத்ததும் அந்தத் தாளை உரித்துவிட்டுத்தான் அடுத்த துணியைப் போட வேண்டும். ஒரு தாள் உள்ளே தங்கிவிட்டால் அந்த இடத்தில் அடுக்குகள் ஒட்டாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் ஒன்றாக நிற்க வேண்டிய கீல் உள்ளுக்குள் இரண்டு மெல்லிய பலகையாக இருக்கும். அதனால் உரித்த தாள்களையெல்லாம் சுவரோரம் கட்டிய கம்பியில் வரிசையாகத் தொங்கவிடச் சொன்னேன். கடைசியில் எண்ணிப் பார்ப்போம்; அடுக்கும் தாளும் சரியாக இருந்தால்தான் சூளைக்குப் போகும். கீல் மேலே தடிப்பாகவும் கீழே மெலிந்தும் இருப்பதால் ஒவ்வொரு துணியும் முந்தையதைவிடக் கொஞ்சம் குட்டை. கம்பியில் தொங்கும் தாள்கள் படிக்கட்டு இறங்குவதுபோல இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஐயா. எண்ணும் வேலை என் மகளுடையது. அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள், ட்ரயலுக்குப் படகும் ஓட்டுவாள்.

எனக்குப் பட்டறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'கூட ஒண்ணு.' படத்தைப் பார்த்தவுடனே "கூட ஒண்ணு போட்டா என்ன குறைஞ்சிடப் போவுது" என்று கேட்பேனாம். கேன்டீனுக்குள் நுழைந்தால், "கூட ஒண்ணு வர்றாரு, அவருக்கு ரெண்டு டீயாப் போடு" என்பார்கள். நான் கோபப்பட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரை வைத்தவன் என் தம்பி. அப்பா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது நான்தான். முதல் படகைக் காகிதத்தில் வரைந்தபோது எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இந்தப் படகுக்குப் படம் வந்தபோது கீல் மெலிவாக இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னேன். படகு வாங்குகிறவர் இருந்தார், ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், பட்டறை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தம்பி என் தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்க அண்ணனை விட்டா கடலுக்கு அடியிலயும் கூட ஒண்ணு போடச் சொல்வாரு" என்றான். கூட்டமே சிரித்தது. படகு வாங்குகிறவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகளும் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

கீலுக்குத் துணி போடத் தொடங்கிய காலையில் தம்பி சீக்கிரமே வந்தான். யாரும் இன்னும் வரவில்லை.

"அண்ணே, வீட்ல உக்காந்து மறுபடி கணக்குப் போட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. கடல் கொஞ்சம் மோசமானா தாங்காது. கூட ஒண்ணு போட்டுருங்க."

"சரிப்பா."

"மனசுல எதுவும் வெச்சுக்காதீங்கண்ணே."

"வெச்சுக்கறதுக்கு என்ன இருக்கு?"

நீங்கள் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். ஆமாம். கீல் மெலிவாக இருந்ததால்தான் உடைந்தது என்று செய்தியில் சொன்னார்களே, அது தவறு. நான் கேட்ட அடுக்கு அதில் இருந்தது. அருமையான கீல். நான் கட்டியதிலேயே நல்லது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊர் முன்னால் சிரித்தவன், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து சரி என்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் மன்னிப்புக்கு என்ன மதிப்பு? அதைக் கேட்டுவிட்டு அவன் விசிலடித்துக்கொண்டு போனான். மனசு லேசாகிவிட்டது அவனுக்கு.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் பசியில்லை என்று இருந்துகொண்டேன். தம்பி கேட்ட அந்தக் கூடுதல் துணியை எடுத்தேன். அதற்குக் கீழே இருந்த துணியின் நீலத்தாளை உரிக்கவில்லை. அதன்மேலேயே புதிய துணியைப் படியவைத்து, ரோலரால் நன்றாக அழுத்தினேன், ஒரு குமிழிகூட இல்லை. கம்பியில் ஒரு தாள் குறையும் அல்லவா? முன்பு ஒத்திகைக்குப் போட்டுப் பார்த்த துணியின் தாள் ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து வரிசையில் செருகினேன். வேலை முடிந்ததும் என் மகள் எண்ணினாள். சரியாக இருந்தது.

வெந்து வந்த கீலைக் காசால் தட்டி, உள்ளே எங்காவது ஒட்டாமல் இருக்கிறதா என்று ஒலி கேட்பதும் என் வேலைதான். மிஷினில் ஸ்கேன் எடுக்க ஆளை வரச்சொல்லட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணன் தட்டிப் பாத்தாச்சா?" என்றான். ஆச்சு என்றேன். "அவரு பாத்தாச்சுன்னா அப்புறம் என்ன ஸ்கேன்" என்றான். இதை மட்டும் அவன் எல்லோர் முன்னாலும்தான் சொன்னான், ஒத்துக்கொள்கிறேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். ட்ரயலில் கரைக்குப் பக்கத்திலேயே கீலில் விரிசல் விடும், சத்தம் கேட்கும், படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். தம்பி துறையில் இறங்கி, அத்தனை பேர் முன்னால், "ஒண்ணு கூடப் போட்டும் பத்தலை, அண்ணன் சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்பான். புதுக் கீல் கட்டுவோம். அதை நான்தான் கட்டியிருப்பேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

ட்ரயல் அன்று காற்று நன்றாக இருந்தது. முதல் நாளே படகை முரட்டுத்தனமாக ஓட்டிப் பார்ப்பது தம்பியின் பழக்கம். படம் போட்டவன் மேலே நிற்க மாட்டான்; உள்ளே இறங்கி, கீலின் தலைப்பகுதி படகோடு சேரும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதிர்வு கையில் தெரியும் என்பதற்காக. எங்கள் பட்டறையில் எப்போதும் அப்படித்தான். என் மகள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏற்கெனவே படகில் ஏறியிருந்தாள். எனக்குத் தலை சுற்றியது. அவளைக் கூப்பிட்டு, "கிறுகிறுன்னு வருதும்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா" என்றேன்.

தம்பி உள்ளே இருந்து தலையை நீட்டினான். "நான் வரட்டுமாண்ணே? ட்ரயலை நாளைக்கு வெச்சுக்கலாம்."

"வேண்டாம்ப்பா. காத்து நல்லா இருக்கு. நீ போ."

"சித்தப்பா, நான் இல்லாம ஓட்டிருவீங்களா?" என்று மகள் கேட்டாள். "உன் வெயிட் குறைஞ்சா படகு இன்னும் பறக்கும்டி" என்றான் அவன். அதுதான் அவன் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது மகளின் ஃபோன் அடித்தது. படகைத் திருப்பும்போது கீல் முறிந்து, கண்மூடித் திறப்பதற்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது. மேலே இருந்த நான்கு பேரில் இருவரை மீட்டார்கள். உள்ளே இருந்தவனை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்களாம். அது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தம்பி மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, நீங்க சொன்னதுதான் சரின்னு வீட்ல சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனாரு. ட்ரயல் முடிஞ்சதும் எல்லாரையும் நிக்கவெச்சு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தாரு. பேசறதுக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாத்தாரு மாமா." நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். முன்கூட்டியே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவான்.

கீலைக் கடலுக்கடியிலிருந்து எடுத்து, அதற்குள் நீலத்தாளைப் பார்த்தபோது மறதி என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். மறந்திருந்தால் கம்பியில் ஒன்று குறைந்திருக்க வேண்டும் என்பது என் மகளுக்கு மட்டும்தான் தோன்றியது. துணி போட்டு முடித்த அன்று, கம்பிக்கு முன்னால் சித்தப்பாவை நிற்கவைத்து அவள் ஒரு ஃபோட்டோ எடுத்திருந்தாள். பின்னால் நீலத்தாள்கள் படிப்படியாக இறங்குகின்றன. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் படி இறங்கவில்லை; இரண்டு தாள் ஒரே நீளம். எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர, நீளத்தை நான் பார்க்கவில்லை. என் வேலையில் நான் விட்ட ஒரே தப்பு அது.

உங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் என்னிடம்தான் வந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. இப்போது உங்களிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன், சத்தம் மட்டும்தான் வரும், திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்ததையும் சேர்த்து. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சத்தம் மட்டும்தான் வரும்னு நெனச்சிருந்தா, என்னை ஏம்ப்பா இறக்கிவிட்டீங்க?"

நீங்களும் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இதை மட்டும் நான் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தலை சுற்றியது.