சூசை அண்ணன் சொன்ன ‘வந்தாச்சு’

...இந்தா, சுவத்துல ஒட்டியிருக்கோமே அட்டை, இதுல எல்லாம் இருக்கு அக்காமாரே. வியாபாரத்துக்குத் திங்கக்கிழமை போன்ல என்ன போடணும், யாரு வீடியோ எடுக்கணும், யாரு எழுதணும்... எல்லாம் இருக்கு. ஒண்ணு மட்டும் இல்ல. அது என்னன்னு நேரா சொன்னா வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துருவீங்க. அதனால ஒரு சின்னக் கதையா சொல்லிருதேன். எனக்குச் சத்தமா பேச வராது... கொஞ்சம் முன்னால வந்து உக்காருங்க.

நம்ம ஊரு மாதிரியே ஒரு கடற்கரை ஊரு. மூணு பொம்பளைங்க சேர்ந்து மீன் ஊறுகாய் போட்டு போன்லயே விக்காங்க. ரொசாரி மைனி ஊறுகாய் போடும். ஸ்டெபி வீடியோ எடுப்பா. ஜெனிட்டா திட்டம் போடுவா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உக்காந்து, அந்த வாரத்துக்கு உள்ளதை எல்லாம் போன்ல ஏத்தி, நாளும் நேரமும் குறிச்சு வச்சுருவாங்க. அதுக்கப்புறம் யாரும் தொட வேண்டாம். அந்தந்த நேரத்துக்கு அதுவா போயிரும், எல்லார் போன்லயும் தெரியும். நல்ல ஏற்பாடுதானே? நல்ல ஏற்பாடுதான்! வியாபாரமும் நல்லாத்தான் போச்சு.

சனிக்கிழமை காலையில மட்டும் எப்பவும் ஒரே விஷயம்... வள்ளம் வந்தாச்சு, புது மீன் வந்தாச்சு. அன்னைக்குத்தான் ஆர்டர் குவியும். ஆனா வள்ளம் வர்ற நேரத்துல வேலை தலைக்கு மேல கிடக்கும். வீடியோ எடுக்க யாருக்கு நேரம்? அதனால ஜெனிட்டா என்ன செஞ்சா? மைனி வீட்டுக்காரர் சூசை அண்ணனை முன்னாடியே கரையில நிப்பாட்டி, கையில ஒரு மீனைக் குடுத்தா.

“அண்ணே, வந்தாச்சுன்னு சொல்லுங்க.”

“ஏட்டி, நான் இன்னும் போகவே இல்லியே!”

“சனிக்கிழமைக்குண்ணே. சும்மா சொல்லுங்க.”

“எம் மூஞ்சியப் பாத்தா வாங்க வந்தவனும் ஓடிருவான்டி.”

பக்கத்துல நின்ன மைனி, “அது எனக்குக் கலியாணத்தன்னைக்கே தெரியும்”னுச்சு. எல்லாரும் சிரிக்காங்க. அந்தச் சிரிப்போடயே அண்ணன் சொன்னார்... “ரொசாரி! வந்தாச்சு! சட்டிய அடுப்புல வை!”

ஸ்டெபி எடுத்தா. ஏத்தினா. போன்ல இடமில்லைன்னு, ஏத்தின கையோட தன் போன்ல இருந்து அழிச்சா. அதுவும் அவங்க ஏற்பாடுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை அண்ணன் கடலுக்குப் போனார். காத்து மாறிச்சு. வெள்ளிக்கிழமை மத்த வள்ளமெல்லாம் கரைக்கு வந்துருச்சு. அண்ணன் போன வள்ளம் மட்டும்... வரல.

ஊரே கரையில நிக்குது. மைனி மணல்ல உக்காந்துருக்கு. இந்தப் பக்கம் ஜெனிட்டா, அந்தப் பக்கம் ஸ்டெபி. ரெண்டு பேரும் மைனி கையை விடவே இல்ல. அவ்வளவு பாசம்! அதுல ஒருத்திக்காவது அந்த வீடியோ ஞாபகம் வந்துச்சா? வரல. எப்படி வரும்? அதான் அதுவா போயிருமே!

சனிக்கிழமை விடிஞ்சுது. மைனி மடியில இருந்த போன் அதிர்ந்துச்சு. தேடப் போனவங்க சேதியோன்னு எடுத்துப் பாக்குது... அண்ணன் நிக்காரு. கையில மீனோட. “ரொசாரி! வந்தாச்சு! சட்டிய அடுப்புல வை!”

அது எப்ப எடுத்ததுன்னு மைனிக்குத் தெரியாதா? பக்கத்துல நின்னு சிரிச்சதே மைனிதானே? ஆனா அந்த நேரத்துல அதெல்லாமா ஞாபகம் வரும்? இப்பத்தான் வந்துருக்கு. அவரு குரல்... அவரே சொல்லுதாரு. “வந்துட்டாரு! வந்துட்டாரு!”ன்னு எந்திரிச்சு மீன் இறக்குற பக்கம் ஓடுது. ஒவ்வொரு வள்ளமா எட்டிப் பாக்குது. “எங்க? எங்க நிக்காரு?” நின்ன ஆம்பளைங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

போன்ல என்ன நடக்குது தெரியுமா? “சூப்பர் அண்ணே!” “எனக்கு ரெண்டு பாட்டில்!” வந்துக்கிட்டே இருக்கு.

ஜெனிட்டா தன் போனை எடுத்து அந்த வீடியோவை மொத்தமா அழிச்சா.

அந்த வள்ளத்துல போனவங்க யாரும் வரல. அண்ணனும் வரல. ஊருல துக்கம் கொஞ்சம் அடங்குன பிறகு, மைனி ஜெனிட்டா வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. திட்டு வாங்கத் தயாரா நிக்கா ஜெனிட்டா. மைனி திட்டல.

“ஏட்டி... அந்த வீடியோவை ஒரு தடவை காட்டேன். அவரு என் பேரைச் சொல்லுததைக் கேக்கணும்.”

ஜெனிட்டா ஓடிப்போய் ஸ்டெபியைக் கேட்டா. ஸ்டெபி சொன்னா, “ஏத்துனது உன்கிட்ட இருக்கும்னுதானே நான் அழிச்சேன்!”

எங்கயும் இல்ல அக்காமாரே. எங்கயும் இல்ல.

ஜெனிட்டா கெட்டவளா? ஸ்டெபி கெட்டவளா? திட்டம் போட்டது தப்பா? இல்ல. திட்டம் போடுங்கன்னு சொல்லத்தான் நானும் வந்துருக்கேன். ஆனா நடக்காததை நடந்தாச்சுன்னு முன்னாடியே சொல்லி வச்சாங்க. போடுறதுக்கு ஆள் வச்சாங்க... நிறுத்துறதுக்கு ஆள் வைக்கல. அழிக்கிறதுக்கு முன்னால யாரையும் கேக்கல.

இந்த அட்டையில கடைசிக் கட்டம் இருக்கு பாருங்க. இதுல ஒரு பேரு எழுதணும். காலையில எந்திரிச்சதும், இன்னைக்குப் போகப்போறது என்னன்னு பாத்து... வெளிய வந்து ஊரையும் பாத்து... “போகட்டும்”னோ “வேண்டாம், நிக்கட்டும்”னோ சொல்லுற ஆளோட பேரு. எதை அழிச்சாலும் அந்த ஆளைக் கேட்டுத்தான் அழிக்கணும்.

யாரு பேரை எழுதட்டும்?

...யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கீங்க. ஜெனிட்டா போட்டு வச்சிருந்த அட்டையிலயும் இந்தக் கட்டம் இப்படித்தான் காலியா இருந்துச்சு.