எலிக்கு ஆறிடுச்சாம்

அட, நீதானா கவிநிலா? இனியா போன்ல சொல்லுச்சி, காலேஜ்ல இருந்து புதுசா ஒரு பொண்ணு வரும், பஞ்சுக் குச்சியில கால் சீழைத் தொட்டு எடுத்துனு போவும்னு. உக்காரும்மா. குச்சிய அப்படி ஓரமா வையி, இன்னா அவசரம்? இந்த வெயில்ல அடி அண்ணாமலைக்கு பஸ் புடிச்சி வந்திருக்க. இன்னாய்யா, பொண்ணுக்கு ஒரு டீ போடு! அவரு எங்க வூட்டுக்காரரு, மண்ணாங்கட்டி. சிரிக்காத, இந்தப் புள்ளயாவது தங்கட்டும்னு வச்ச பேரு. நான் பச்சையம்மா. உங்க டியூப்ல பேரு எங்க இருக்கும், நம்பருதான?

கால்ல எப்படி ஆச்சின்னா, மலை சுத்தற ரோட்டுல சுக்கு காபி விக்கறவ நான். பௌர்ணமி வந்தா கேனைத் தூக்கினு ஜனங்ககூடவே நடப்பேன். சாமி வழியாச்சேன்னு செருப்பு போடல. தேங்கா ஓடு குத்தியிருக்குது, சக்கரைக்காரிக்கு வலி எங்க தெரியுது? நாத்தம் அடிச்சப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எந்த மருந்துக்கும் மசியாத கிருமின்னுட்டாரு டாக்டரு. ஊசி மாத்தி ஊசி போட்டாங்க. எங்க மாமியாராட்டம், அசையவே இல்ல.

அங்கதான் உங்க காலேஜ்ல ஆராய்ச்சி பண்ண இளவரசன் தம்பி என்னைப் புடிச்சாரு. இந்த மாதிரி கிருமி கெடைக்கறதே கஷ்டம், நீங்க பொக்கிஷம்மான்னாரு. கட்டிக்கினவரு ஒரு நாள் அப்படி சொன்னதில்ல. வூட்டுக்கே வந்து சீழ் எடுத்தாரு. போறப்போ வேலியோரம் வெட்டுக்காயப் பூண்டையும் பை நெறைய பறிச்சினு போனாரு. வியாதியும் என் வூட்டுது, தழையும் என் வூட்டுது. அப்புறம் ஒரு நாள் போட்டோ காட்டறாரு. கிருமி வளக்கற கண்ணாடித் தட்டாம், தட்டு பூரா என் கிருமி, தழைச் சாறு வச்ச எடம் மட்டும் வட்டமா சுத்தமா கீது. செத்துப் போச்சாம்! எனக்கு சந்தோசம் தாங்கல. அப்போ அதைக் கால்ல வையுங்க தம்பின்னேன். ஐயையோ, தட்டு வேற காலு வேறம்மான்னு பயந்துட்டாரு.

அப்புறம் மெட்ராஸ்ல ஏதோ மீட்டிங்காம். என் கால் போட்டோவை வாசக்கதவு சைசுக்குப் பெருசு பண்ணி மாட்டினாங்களாம். எல்லாரும் கை தட்டினாங்களாம். நான் செங்கம் தாண்டினதில்ல, என் காலு மெட்ராஸையே பாத்துடுச்சி. அவருக்கு டாக்டர் பட்டமும் கெடைச்சிது. ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு, சக்கரைக்காரி வூட்டுக்கு!

அதுக்கடுத்து இனியா. தங்கமான பொண்ணு, அதைக் குத்தம் சொல்லக் கூடாது. எலிக்குப் புண்ணு பண்ணி, அதுல என் கிருமிய வுட்டு, தழையில செஞ்ச களிம்ப பூசுச்சாம். எலிக்கு ஆறிடுச்சாம். போட்டோ பாத்தேன், ஆறின எடத்துல முடிகூட மொளைச்சிருக்குது. சொல்லவே வெக்கமா இருக்குது, அன்னிக்கு அந்த எலி மேல பொறாமைப்பட்டேன். மனுசங்களுக்கு எப்பம்மான்னு கேட்டேன். பர்மிஷன் வாங்கணும், வருசக் கணக்கா ஆவும், அது வரைக்கும் காலைப் பத்திரமா பாத்துக்கோங்க, சாம்பிள் வேணும்னுச்சி.

குத்தம் சொல்லலம்மா. வெறும் தழைய அரைச்சி வச்சிக்கினு செத்தவங்களும் இருக்கறாங்க, டாக்டரே சொன்னாரு. முறையா பண்றதுன்னா நாளாவும்தான். கிருமிக்கு அது தெரியலையே.

உன் ஆராய்ச்சி இன்னா? கூட வேப்பிலையும் சேக்கறியா? சரி, சரி.

இந்தா டீ. கால் கட்டை அவுக்கலாமான்னா கேக்கற? இரு, குடிச்சிட்டுப் பேசு. மூலையில பாரு, என் கேனு. கழுவிக் கவுத்து வச்சிட்டாரு. நாளைக்குப் பௌர்ணமி. ஜனங்க நடக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும், படுத்துனு கேட்டுனு கெடக்கணும். அதை நெனைச்சாதான் அழுவாச்சி வருது.

இனியா சாம்பிள் வேணும்னு ஆசையா கேட்டுச்சி, போன்ல எனக்கு சொல்ல வாய் வரல. குச்சிய பையில வச்சிடு கண்ணு. போர்வைய நீயே தூக்கிப் பாரு. போன மாசமே முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

எதுக்கு எழுந்துட்ட? உக்காரு, உன் மேல இன்னா தப்பு? டீ ஆறுது பாரு. ஒன்னே ஒன்னு மட்டும் இனியாவைக் கேட்டு சொல்லு. அந்த எலி இப்போ நல்லா ஓடுதா?